துடைத்தது, கழுவியது

நான் ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் அட்டையைத் தண்ணீரில் இட்டுக் கழுவினேன். துடைத்ததுதான் என்று சொல்லி, என்னை நம்பிய ஒரு மனிதர் கையில் கொடுத்தேன். அவர் அதையே சொல்லி இன்னொருவர் கையில் கொடுத்தார். பிறகு விஷயம் வெளிப்பட்டபோது பொய் சொன்னவர் அவர் என்று ஆயிற்று. கழுவியதா துடைத்ததா என்று தீர்ப்புச் சொல்லும்படி எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். கழுவியதுதான் என்று சொன்னேன். கழுவியவன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதற்காக எந்தப் போலீசும் என்னைத் தேடி வராது. ஆனால் தக்கலையில் ஒருவர் வாயைத் திறந்து சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று ஒரு கூட்டமே நம்பியிருந்தது. என்னால் அந்த நம்பிக்கை போயிற்று. அவருக்கு வேறு சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு, சிறுவயதில் வாசித்துத் தொலைத்த காமிக்ஸ் புத்தகங்களைத் திரும்பவும் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன். என்னைப் போன்றவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. டாக்டர்கள், லாரி உரிமையாளர்கள், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள். எல்லோருக்கும் கைபேசியில் ஒரு குழு. ஒரு பழைய இதழின் அட்டைப்படத்தைப் போட்டால் அங்கே வயதான ஆண்கள் குழந்தைகளைப் போல் குதிப்பார்கள்.

அந்தப் புத்தகங்கள் மட்டமான தாளில் அச்சிட்டவை. வைத்துக் காப்பாற்றுவதற்கென்று யாரும் அச்சிடவில்லை. அதிலும் எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். சுவரெல்லாம் வேர்க்கும், பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும். இங்கே கிடைக்கிற புத்தகம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஏறி இறங்கிய பழுப்புக் கோடு இருக்கும். நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கும். சென்னைக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் எங்கள் பக்கத்துப் புத்தகம் என்றாலே தயங்குவார்கள்.

அதனால்தான் குழுவில் சண்டை வந்தது. ஒரு புத்தகத்தைச் சுத்தம் செய்தால் அது சீரமைத்த புத்தகமாகிவிடுமா? சீரமைத்தது என்று ஆகிவிட்டால் அதற்கு மதிப்பு பாதிகூட இல்லை. நாகர்கோவிலில் ஒரு லாட்ஜின் ஹாலில் நாங்கள் கூடியபோது இது பெரிய வாக்குவாதமாயிற்று. தூசி தட்டினாலே அது பழைய புத்தகம் இல்லை என்றார் ஒருவர். அப்படியானால் நான் வாரத்துக்கு ஒரு முறை தட்டுகிறேன், என் வீட்டில் ஒன்றுகூடப் பழைய புத்தகம் இல்லை, எல்லாம் போன வாரத்துப் புத்தகம் என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள்.

எழுந்து நின்று, வகுப்பில் பேசுவதுபோலப் பேசினேன். அழுக்கு இரண்டு வகை; தாளின் மேல் உட்கார்ந்திருப்பது ஒன்று, தாளுக்குள் இறங்கிவிட்டது ஒன்று. மேலே இருப்பதை உலர்ந்த கையால் துடைத்து எடுக்கலாம். அது சுத்தம். உள்ளே இறங்கியதை எடுக்கவேண்டுமென்றால் தண்ணீரோ மருந்தோ தாளுக்குள் போய்த்தான் ஆகவேண்டும். போனால் தாள் மாறிவிடும். அது சீரமைப்பு. சீரமைப்பது தப்பில்லை, சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. ஆகவே தண்ணீர் பட்டிருந்தால் சொல்லிவிட வேண்டும்.

கை தட்டினார்கள். ‘சார் ரூல்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அன்றிலிருந்து குழுவில் யார் எதை விற்றாலும் வாங்கினாலும் முதலில் படம் எனக்கு வரும். சார் பார்த்துவிட்டார் என்றால் மறுபேச்சு இல்லை. ஓய்வு பெற்று, வீட்டில் யாரும் எதுவும் கேட்காத நிலைக்கு வந்திருந்த எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான் குறிப்பிட்ட அந்த மனிதர் தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். முன்பக்கம் பாடப்புத்தகமும் கைடும். பின்பக்கம் ஒரு மர அலமாரியில் காமிக்ஸ். சாயங்காலங்களில் நான் அங்கேதான் இருப்பேன். புத்தகத்தைச் சுத்தம் செய்வதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரைச் சீவலாகத் துருவி, அந்தத் தூளை அட்டைமேல் தூவி, மெல்லிய துணியைச் சுற்றிய விரலால் வட்டவட்டமாகத் தேய்ப்பார். தூள் கறுக்கும்போது ஷேவிங் பிரஷால் தட்டிவிடுவார். அதற்கு மேல் எதுவும் செய்யமாட்டார். யாராவது கேட்டால் துடைத்தது, துடைக்காதது என்று உள்ளபடி சொல்லிக் கொடுப்பார். அலமாரியில் பாதி கறைபிடித்த புத்தகங்கள்தான். ஆனாலும் வெளியூர்க்காரர்கள் படம்கூடக் கேட்காமல் அவரிடம் வாங்கினார்கள்.

அவருக்குக் குலசேகரத்துப் பக்கம் மனைவி வழியில் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருந்தது. “சாரே, ஒங்களுக்க ரூலு வந்த பொறவு எனக்கு அழிரப்பர் செலவு கூடிப்போச்சி. இனி மாமனாருக்க தோட்டத்துல பாலு வெட்டி நேரா பொஸ்தகத்துல ஊத்த வேண்டியதுதான்” என்பார். நான், பால் ஊற்றினால் அது ஈரம், சீரமைப்புக் கணக்கில் வந்துவிடும் பாய் என்பேன். அப்படி இருந்தோம்.

சென்னையில் ஒருவரிடம் ஒரு தொடரின் முதல் இதழ் இரண்டு பிரதி இருந்தது. குழுவிலேயே பெரிய சேகரிப்பு அவருடையதுதான். அந்த முதல் இதழை நான் பள்ளியில் படிக்கும்போது வாங்கி, வகுப்பில் பிடிபட்டு, ஆசிரியர் என் கண்முன் கிழித்துப் போட்டார். அதற்குப் பிறகு அது என் கையில் வரவேயில்லை. சென்னைக்காரர் ஒரு தீபாவளி மலருக்குப் பதிலாக அதைத் தருவதாகக் குழுவில் சொல்லியிருந்தார். தீபாவளி மலர் கறையில்லாமல் இருக்கவேண்டும்.

அந்த மலர் என்னிடம் இருந்தது. இரணியலில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கட்டாகக் கிடைத்த புத்தகங்களில் ஒன்று. உள்ளே நன்றாக இருந்தது. அட்டையின் கீழ்ப்பாதியில் மட்டும் தண்ணீர்க் கோடு, காப்பி கொட்டியதுபோல.

கழுவிவிட்டு, கழுவினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் வேண்டாம் என்றிருப்பார். கழுவாமல் விட்டிருக்கலாம். நான் செய்தது இரண்டும் இல்லை. ஏற்கெனவே மழை ஒரு தடவை இதை நனைத்துவிட்டது, நான் இன்னொரு தடவை நனைக்கிறேன், மழை கொண்டுவந்து போட்டதை நான் எடுக்கிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரூல் போட்டவனுக்கு ரூலில் ஓட்டை எங்கே என்று தெரியாதா.

பின்னைக் கழற்றி அட்டையைத் தனியாக எடுத்தேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்த நீரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி, மூலையில் மை கரைகிறதா என்று பார்த்துவிட்டு, முழுவதையும் உள்ளே விட்டேன். கறை என் கண்ணெதிரே போயிற்று. ஆனால் அட்டை வெளுத்துவிட்டது. நேற்று அச்சடித்ததுபோல் பளீரென்று ஆகிவிட்டது. மருந்தின் மிச்சம் தாளில் தங்காமல் பலமுறை அலச வேண்டும், தங்கினால் பிறகு தாளை அரித்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு முறை அலசியதும் மடிப்புப் பிரிய ஆரம்பித்தது. பயந்து அதோடு நிறுத்திவிட்டேன்.

அது ஆடி மாதம். வெயிலே இல்லை. ஈரத்தாள் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை வந்துவிடும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் எது காயவேண்டுமென்றாலும் புகைப்புரைக்குத்தான் போகும். ரப்பர் ஷீட்டைக் கம்பில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகையில் உலர்த்துகிற சிறிய அறை அது. தோட்டம் உள்ளவர்கள் தேங்காயும் ஜாதிக்காயும், பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிஃபாரமும்கூட அதில்தான் காயவைப்பார்கள். பாயிடம் கேட்டேன். மழையில் நனைந்த சில புத்தகங்கள் என்றேன். அதுக்கென்ன சாரே என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அட்டையை உறிஞ்சுதாளுக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து, ஷீட்டுகளுக்கு மேலே பரணில் ஏற்றினேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது காய்ந்திருந்தது. அதோடு இன்னொன்றும் நடந்திருந்தது. புகை உள்ளே புகுந்து அந்தக் கண்கூசும் வெள்ளையை லேசாகப் பழுக்கவைத்திருந்தது. உள்தாளின் நிறத்தோடு கிட்டத்தட்டப் பொருந்தியது. அப்போதே எடுத்து வந்திருக்கவேண்டும். நான் மேல்தாளை விலக்கி, அட்டையை நேரே புகை படும்படி மல்லாத்தி வைத்துவிட்டு வந்தேன். இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்று. அதுவரை செய்ததற்கு ஆயிரம் சமாதானம் சொல்லலாம். அந்த ஒரு நாளுக்குச் சொல்ல முடியாது.

பழைய பின்களில் ஒன்றுக்குக் கால் ஒடிந்திருந்தது. அவற்றை மாற்றி, அதே காலத்துக் கிழிந்த புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த துருவேறாத பின்களைப் பழைய துளையிலேயே போட்டேன். கழற்றியதைத் தூக்கி எறியாமல் ஒரு ஹோமியோபதிக் குப்பியில் போட்டு, மூடி, மேல் தேதியும் புத்தகத்தின் பெயரும் ஒட்டிவைத்தேன். ஆய்வுக்கூடப் பழக்கம். திருட்டுக்கும் லேபிள் ஒட்டினேன்.

ரூல் போட்டவனே கொடுக்கல் வாங்கலில் இறங்கினால் பேச்சு வரும் என்று, நான் எதையும் பாயின் கடை வழியாகத்தான் மாற்றுவேன். வாங்குகிறவர்களுக்கு அது கடைச் சரக்கு. பாய்க்கு அதில் ஒன்றும் கிடையாது, சினேகத்துக்காகச் செய்தார். தீபாவளி மலரைக் கையில் வாங்கி, கடைவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டினார். மூக்குக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோனார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவருடைய சட்டையிலும் என் குடையிலும் அந்த ஊர்க் காற்றிலும் எப்போதும் இருக்கிற வாசம் அது.

“சாரே, இது தொடச்சதா, கழுவினதா? எனக்க வாயால நான் சொல்லணும்லா” என்றார்.

“துடைத்ததுதான் பாய்” என்றேன்.

அதற்கு மேல் கேட்கவில்லை. கூரியரில் போயிற்று. சில நாளில் சென்னையிலிருந்து முதல் இதழ் வந்தது. பாய் அதைப் பிரித்து, என் எதிரிலேயே அழிரப்பர்த் தூள் தூவித் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார். கல்யாணப் பெண்ணை அனுப்புவதுபோல் இருக்கிறது பாய் என்றேன். அவர் சிரித்தார்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஒருநாள் சென்னைக்காரர் குழுவில் ஒரு வீடியோ போட்டார். தீபாவளி மலரின் அட்டை ஓரம் பழுத்து, அப்பளம் போல் நொறுங்கிக்கொண்டிருந்தது. உறையைப் பிரித்தாலே ஏசி அறை முழுக்கப் புகை வாசம் வருகிறது என்றார். நடுப்பக்கத்தில் துருவின் தடம் இருக்கிறது, ஆனால் பின்னில் துரு இல்லை என்றார். கோபப்படவில்லை. வருத்தத்தோடு பேசினார். எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர்தான், அது ரப்பர்ப் புகையாக இருக்கும் என்றார். இன்னொருவர், கடைக்காரருக்குப் புகைப்புரை உண்டே என்றார். அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்படவில்லை. பாய் ஒரே ஒரு வரி எழுதினார்: நான் கழுவவில்லை, கழுவியது என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. சார் பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள்.

வீடியோவை முழுக்க இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு நல்ல தமிழில் எழுதினேன்: ‘படங்களை வைத்துப் பார்க்கையில், அட்டை வேதிப்பொருளால் கழுவப்பட்டு, புகையில் உலர்த்தப்பட்டது என்பதில் ஐயமில்லை. இது சீரமைப்பு. செய்தவர் யார் என்று படத்தை வைத்துச் சொல்ல இயலாது.’ ஒவ்வொரு வாக்கியமும் உண்மை.

அன்று சாயங்காலம் பாய் ஸ்கூட்டரில் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே, வண்டியை விட்டு இறங்காமல் நின்றார்.

“நான் ஒங்களுக்க பேரச் சொல்லல்ல. சாரு தானாட்டு சொல்லுவியள்னு விட்டேன்” என்றார்.

கொஞ்சம் ஆறட்டும் பாய் என்று நான் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். என் பெயரை அதற்குப் பிறகும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

சென்னைக்காரர் தன் முதல் இதழைத் திருப்பிக் கேட்டார். அது என் பீரோவில் இருந்தது. பாய் என்னிடம் கேட்கவில்லை. நானாக எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அதற்கு ஈடாகத் தன்னுடைய சொந்தப் புத்தகத் தொகுப்பைப் பாய் அனுப்பினார். இளவயதில், கல்யாணத்துக்கு முன்பு, இதழ் இதழாகச் சேர்த்துத் தானே கெட்டியட்டை போட்டுத் தைத்து வைத்திருந்தது. எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தது. குழுவை விட்டு வெளியேறினார். வெளியூர்க்காரர்கள் வருவது நின்றது. காமிக்ஸ் அலமாரி இருந்த இடத்தில் கொஞ்ச நாளில் ஜெராக்ஸ் இயந்திரம் வந்தது.

நான் தக்கலைக்குப் போனால் பஸ் ஸ்டாண்டுக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன். கொஞ்சம் ஆறட்டும் என்று சொன்னது வருடக்கணக்கில் நீண்டது. குழுவில் என் பெயர் இன்னும் உயர்ந்தது. வேண்டியவர் என்றுகூடப் பார்க்காமல் சார் தீர்ப்புச் சொன்னார் என்றார்கள்.

போன வருடம் கண் ஆபரேஷன் முடிந்து, நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டுவதற்காக பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். கறுப்புக் கண்ணாடியோடு கம்பியைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தபோது யாரோ எழுந்து என் முழங்கையைப் பிடித்து, “சாரு இரியுங்க” என்றார். குரலில்தான் அது பாய் என்று தெரிந்துகொண்டேன். நான் உட்கார்ந்தேன். சுகந்தானா என்று கேட்டார். கண்ணுக்கு என்ன என்று கேட்டார். நாகர்கோவில் வரைக்கும் அவர் நின்றுகொண்டே வந்தார். அவருக்கும் முட்டுவலி உண்டு. எழுந்து இடம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை என்பதல்ல. எழுந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகுதான் கிளம்பினேன். முதல் இதழையும் பழைய பின்கள் இருந்த குப்பியையும் பையில் வைத்துக்கொண்டு இரணியலில் சென்னைக்கு ரயிலேறினேன். சென்னைக்காரர் ஸ்டேஷனுக்குக் காரோடு வந்திருந்தார். வீட்டில் இட்லியெல்லாம் பரிமாறினார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு அவருடைய புத்தக அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் சிரித்தார். பிறகு குப்பியைக் கொடுத்தேன். தீபாவளி மலரை எடுத்து நடுப்பக்கத்தை விரித்து, துருத்தடத்தின் மேல் பின்னை வைத்துப் பார்த்தார். ஒடிந்த கால் இருந்த இடத்தில் தடமும் பாதியில் நின்றிருந்தது. லென்ஸ் வைத்து மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

சுவர் முழுக்க அலமாரி. அதைச் சுட்டிக்காட்டி, “இதுல பாதி நீங்க பாத்து சரின்னு சொன்னது சார். அதெல்லாம்?” என்று கேட்டார்.

அதெல்லாம் உண்மையானவை, இது ஒன்றுதான் பொய் என்றேன்.

“அதை நான் எப்படி சார் நம்பறது?” என்றார்.

அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். இந்த விஷயம் வெளியே போனால் தன்னுடைய புத்தகங்கள் மட்டுமில்லை, குழுவில் எல்லாருடைய புத்தகங்களுக்கும் மதிப்புப் போய்விடும். எல்லாமே சார் வாக்கில் கைமாறியவை. கடைக்காரர் விஷயம் பழைய கதை, அவரும் மறந்திருப்பார். முதல் இதழை வாங்கிக்கொள்ள மறுத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை என்றார். பாயின் தொகுப்பையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அது எப்போதோ மலேசியாவுக்குப் போய்விட்டது. திரும்பி வரும்போது ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் வந்தேன்.

ஊருக்கு வந்ததும் குழுவில் எழுதினேன். இம்முறை நல்ல தமிழ் எதுவும் இல்லை. கழுவியது நான், புகை போட்டது நான், பின் மாற்றியது நான், கடைக்காரருக்கு எதுவும் தெரியாது என்று எழுதி, பின்களின் படத்தையும் போட்டேன். சென்னைக்காரர் பார்த்துவிட்டார் என்பதைக் கைபேசி காட்டியது. அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மற்றவர்கள் எழுதினார்கள். சினேகிதருக்காக சார் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்றார் ஒருவர். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெருந்தன்மையா என்றார் இன்னொருவர். வரிசையாகக் கும்பிடுகிற கைகள் வந்தன. அந்தப் பின்களைக் கடைக்காரரே கொடுத்திருப்பார், சார் இளகிய மனசுக்காரர் என்றும் ஒருவர் எழுதினார். நான் திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் என் மகனுக்கு யாரோ போன் செய்து, அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தோடு குழுவிலிருந்து விலகினேன்.

மறுநாள் தக்கலைக்குப் போய், பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கினேன். கடையில் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாய் உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். சென்னைக்குப் போனதையும், குழுவில் எழுதியதையும், அவர்கள் நம்பாததையும். நான் குப்பியையும் முதல் இதழையும் மேசைமேல் வைத்தேன். இது உங்களுடையது, இதற்காகத்தான் உங்கள் தொகுப்பைக் கொடுத்தீர்கள் என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேபிளை வாசித்தார்.

“அப்ப இது ஒங்க வீட்டுல தான் இருந்துச்சி. இத்தன நாளும்” என்றார்.

ஆமாம் என்றேன்.

குப்பியை என் பக்கம் தள்ளினார். “இதக் கொண்டு போங்க சாரே. துரு. கடையில பேப்பர் கெடக்கு, கறையாயிரும்.”

முதல் இதழை மட்டும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, வாசல் பக்கம் கயிற்றில் பழைய வாரப்பத்திரிகைகள் தொங்கிக்கொண்டிருந்த வரிசையில் உறையோடு அதையும் ஒரு கிளிப்பில் மாட்டினார். வந்து உட்கார்ந்தார். யாரோ ஆதார் கார்டு நகலெடுக்க வந்தார்கள். எடுத்துக் கொடுத்தார். டீ சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நான் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், கையில் பயணப்பையோடு, கயிற்றுப் பக்கம் நின்றுவிட்டார். வெளியூர்க்காரர். அந்தப் புத்தகம் என்ன என்று தெரிந்தவர். பையைக் கீழே வைத்துவிட்டு, கிளிப்பிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தார். உறைக்குள் பார்த்தார், முதுகுப்பக்கம் பார்த்தார், பிறகு உள்ளே வந்து பாயிடம் கேட்டார்.

“அண்ணே, இது துடைச்சது மட்டும்தானா, இல்ல கழுவினதா?”

அதைத் துடைத்தது பாய். என் எதிரில், இதே மேசையில், அழிரப்பர்த் தூள் தூவித் துடைத்தார். ஒரு துளி ஈரம் அதில் பட்டதில்லை. இந்த உலகத்தில் அதை அறிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம். பாய் என்னைப் பார்க்கவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தின் தட்டில் காகிதத்தை நிரப்பிக்கொண்டே சொன்னார்.

“எனக்குத் தெரியாது. நீங்களே பாத்து எடுங்க.”

வந்தவர் தயங்கினார். என்னைப் பார்த்தார். வயதானவன், படித்தவன் போலத் தெரிகிறேன் என்று நினைத்திருக்கலாம். துடைத்ததுதான் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. அதே சொல்லை இதே கடையில் முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். தலை குனிந்துகொண்டேன்.

அவர் புத்தகத்தைப் பழையபடி கிளிப்பில் மாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனார்.